தவறான விடைகளில் இருப்பவர்கள்

மலாக்கா எந்த ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது?

அ) 1262
ஆ) 1400
இ) 1402
ஈ) 1403

பள்ளி வரலாற்றுப் பாடநூலை மனப்பாடம் செய்த மாணவர் 'ஆ' என்பார். சுற்றுலாக் கையேட்டைப் படித்தவர் 'இ' என்று அடித்துச் சொல்வார். மிங் அரசின் ஏடுகளை வைத்துப் பேசுகிறவருக்கு, சீனப் பேரரசர் யின் சிங் என்ற தூதரை மலாக்காவுக்கு அனுப்பிய 1403தான் கையில் பிடிக்கக்கூடிய ஆண்டு. 2010இல் மலாக்கா மாநில அரசு, ஆய்வுக்குழு ஒன்றின் முடிவை ஏற்று, 1262தான் என்று அறிவித்தது. ஆக நான்கு விடைக்கும் ஆள் இருக்கிறது. ஆனால் இதே கேள்வி ஒரு புதிர்ப்போட்டியில் வந்தால், நடுவர் கையிலிருக்கும் தாளில் எது அச்சாகியிருக்கிறதோ அதுதான் வரலாறு. மற்ற மூன்றுக்கும் மணி அடித்துவிடுவார்கள்.

நான் இந்த வடிவத்தை வெறுப்பவன் இல்லை. சொல்லப்போனால் பொது அறிவு வினாவிடைப் புத்தகங்களைத் தின்று வளர்ந்தவன். தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில் இருந்த புத்தகங்களை ஒரு கையால் எண்ணிவிடலாம். அதில் இரண்டு, தமிழ்நாட்டிலிருந்து வந்த 'பொது அறிவு' வகை. அட்டை கிழிந்த அந்த இரண்டு புத்தகங்களிலிருந்துதான் உலகத்தின் மிக நீளமான நதியும், மிகச் சிறிய நாடும், நோபல் பரிசும் எனக்குத் தெரியவந்தன. இன்றைக்கும் யாராவது கேள்வி கேட்டு நான்கு விடை சொன்னால் காது தானாக நிமிரும். அதனால்தான் இந்தக் கட்டுரை. சிறுகதையை, கவிதையை விமர்சிக்கிறோம். நம் பிள்ளைகள் கதையைவிட அதிகமாக வாசிக்கும் எழுத்து நான்கு விடைக் கேள்விதான். அதை ஒரு எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

*

எழுத்து வகை என்று எடுத்துக்கொண்டால் முதலில் கவனிக்க வேண்டியது சரியான விடையை அல்ல. சரியான விடையை யாரும் எழுதுவதில்லை, அது எங்கோ ஏற்கெனவே இருக்கிறது. கேள்வி தயாரிப்பவர் உண்மையில் எழுதுவது மூன்று தவறான விடைகளைத்தான். அவருடைய படிப்பும் கற்பனையும் சோம்பலும் வெளிப்படும் இடம் அது.

ஒரு எடுத்துக்காட்டு. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியப் படைக்குத் தலைமை தாங்கியவர் யார்? அபோன்சோ த அல்புகெர்க்கே. இதற்குப் பக்கத்தில் நெப்போலியன், அலெக்சாண்டர், கொலம்பஸ் என்று மூன்று பெயரைப் போட்டுவிட்டு எழுந்து போகலாம். பல புத்தகங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஒன்றும் தெரியாத பிள்ளைகூட விடையைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த பிறகும் ஒன்றும் தெரியாது.

அதே கேள்விக்கு வாஸ்கோ ட காமா, தியோகோ லோபெஸ் த செக்கெய்ரா, பெர்டினாண்ட் மகெல்லன் என்று மூன்று பெயரைப் போட்டுப் பாருங்கள். வாஸ்கோ ட காமா 1498இல் இந்தியா வந்தவர். செக்கெய்ரா 1509இல் மலாக்காவுக்கே வந்தவர், ஆனால் பிடிக்க முடியாமல் ஆட்களை விட்டுவிட்டுத் தப்பியவர். மகெல்லன் அந்த 1509 கப்பலிலும் இருந்தார், 1511 படையிலும் இருந்தார். தலைவராக அல்ல. இப்போது விடை சொல்கிற பிள்ளை திணறும். 'செக்கெய்ராவா அல்புகெர்க்கேயா?' என்று திணறும் அந்தப் பத்து நொடியில் இரண்டாண்டு வரலாறு அதன் தலைக்குள் ஓடுகிறது. தவறான விடை என்பது பாதி தெரிந்தவருக்காக எழுதப்படுவது. பாதி தெரிந்தவரை மதிக்கிற கேள்வியே நல்ல கேள்வி.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு கடைகளில் விற்கும் பயிற்சி நூல்களைப் புரட்டினால் வருத்தமாக இருக்கிறது. ஒரே கேள்வி ஒரு நூலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருக்கும். தவறான விடைகளையும் சேர்த்தே தாவியிருக்கும், எழுத்துப் பிழையையும் விடாமல்.

*

நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த வடிவம் கெட்ட எண்ணத்தில் பிறந்ததில்லை. 1915 வாக்கில் அமெரிக்காவின் கன்சஸ் மாநிலத்தில் பிரெடெரிக் கெல்லி என்ற கல்வியாளர் வாசிப்புத் தேர்வு ஒன்றை உருவாக்கினார். ஒரே விடைத்தாளுக்கு ஒரு ஆசிரியர் எண்பதும் இன்னொருவர் அறுபதும் போடுகிறாரே, அந்த விருப்புவெறுப்பை எப்படி நீக்குவது என்பதுதான் அவர் கவலை. ஒரு கேள்விக்கு ஒரே விடைதான் சரியாக இருக்க வேண்டும், திருத்துகிறவர் யாராக இருந்தாலும் மதிப்பெண் மாறக்கூடாது. இரண்டே ஆண்டில், 1917இல், அமெரிக்க ராணுவம் லட்சக்கணக்கான சிப்பாய்களை இந்த முறையில் சோதித்தது. பிறகு இயந்திரமே திருத்தத் தொடங்கியது.

நம் கதைக்கு அது யூபிஎஸ்ஆர் என்ற பெயரில் 1988இல் வந்தது. ஆறாம் ஆண்டு முடிவில் 2பி பென்சிலோடு உட்கார்ந்த தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஓஎம்ஆர் தாள் என்னவாக இருந்தது என்பதை நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்குவது கடினம். எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு வெளியே எங்களைப் பார்த்தவர்கள் முதலில் பார்த்தது எங்கள் காலணியை. பிறகு நாங்கள் பேசும் மலாயை. அந்தத் தாள் மட்டும் ஒன்றையும் பார்க்கவில்லை. கறுப்பாக்கிய வட்டத்தை மட்டும் பார்த்தது. ஜாசின் தோட்டத்துப் பிள்ளையின் 'பி'யும் கோலாலம்பூர் டாக்டர் மகளின் 'பி'யும் அதற்கு ஒரே 'பி'தான். அந்த இயந்திரத்தின் தயவில் தோட்டத்தைவிட்டு வெளியேறியவர்கள் உண்டு. அவர்களில் நானும் ஒருவன்.

அதோடு இன்னொரு கலையையும் கற்றோம். தெரியாத கேள்விக்கு 'தெம்பாக் பண்ணு' என்பார்கள். தெம்பாக் என்றால் மலாயில் சுடுவது. குறிபார்க்காமல் சுட்டாலும் நாலில் ஒன்று படும். 'ஒன்னயும் காலியா விட்டுட்டு வராதீங்க, கடைசி அஞ்சு நிமிசத்துல எல்லாத்தையும் சி போட்டு வைங்க' என்று அறிவுரை சொல்லாத ஆசிரியர் அரிது. தவறு அவர்கள்மீது இல்லை. வெற்றிடத்துக்கு மதிப்பெண் இல்லை, தவறுக்குத் தண்டனையும் இல்லை என்றால் யாரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் 'எனக்குத் தெரியாது' என்ற வாக்கியத்தை நாங்கள் பன்னிரண்டு வயதிலேயே மறந்துபோனதற்கு அந்த ஐந்து நிமிடங்களும் ஒரு காரணம்.

யூபிஎஸ்ஆர் 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது. வடிவம் நிற்கவில்லை. எஸ்பிஎம் வரலாற்றுப் பாடத்தின் முதல் தாள் இன்றும் நாற்பது நான்கு விடைக் கேள்விகள்தான். வரலாற்றில் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை என்பது 2013 முதல் விதி. வகுப்பறையில் கஹூட் வந்துவிட்டது. தீபாவளிக்கு வாட்ஸ்அப் குழுவில் புதிர்ப்போட்டி, கோயில் திருவிழாவில் சமயப் புதிர்ப்போட்டி.

*

தமிழுக்குக் கேள்வி-பதில் வடிவம் புதிதில்லை. தமிழில் அச்சான தொடக்க கால நூல்களிலேயே அது வந்துவிட்டது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்துக்கு அடுத்து, 1579இல் கொச்சியில் அச்சான கிரிசித்தியாணி வணக்கம் குருவும் மாணவரும் கேட்டுச் சொல்வதாக அமைந்த நூல். முத்துக்குளித்துறையில் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியார் செய்தது. முந்நூறு ஆண்டு கழித்து ஆறுமுக நாவலர் அதே ஆயுதத்தை எடுத்துச் சைவ வினாவிடை எழுதினார். இரண்டு தரப்பும் எதிரெதிர். வடிவம் ஒன்று. இரண்டிலும் கேள்வி கேட்பவருக்கு விடை முன்பே தெரியும். பிள்ளை அதைச் சொல்லப் பழக வேண்டும். நம் பொது அறிவுப் புத்தகத்தின் தாத்தா இந்த நூல்கள்தான். நான்கு விடைகளைச் சேர்த்தது மட்டும் அமெரிக்கச் சரக்கு.

இன்னொரு பக்கம் விடுகதை இருக்கிறது. என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் இரவில் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் விடாமல் விடுகதை போடுவார். அந்த விடைகளெல்லாம் வீட்டிலேயே கிடக்கும் பொருள்கள். தேங்காய், உரல், நிழல், மிளகாய், அம்மி. தெரியாத பொருளை விடுகதை கேட்பதில்லை. தெரிந்த பொருளைத் தெரியாததுபோல் ஆக்கிக் காட்டும். விடை கிடைத்ததும் 'அட, இதுதானா' என்று அந்தப் பொருளை மறுபடி பார்ப்போம். தோற்றவருக்கும் அந்த 'அட' கிடைக்கும்.

பொது அறிவுப் புத்தகம் இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. அதன் விடைகள் எல்லாம் தூரத்தில் இருக்கும். சரி, தூரத்தை அறிவதும் வேண்டியதே. எனக்கு அந்தத் தூரம் தேவைப்பட்டது. சிக்கல் என்னவென்றால், கேள்வி நம் ஊருக்கே வரும்போதும் அந்தத் தூரம் மாறுவதில்லை.

*

1990களில் நடந்தது. மலாக்கா நகரத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கு இடையிலான ஒரு புதிர்ப்போட்டி. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் மூன்று பேர். மேசையில் வெள்ளைத்துணி, பக்கத்தில் மணி. எங்கள் அணியில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய பாட்டி புக்கிட் அசகான் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்.

கேள்வி இது: நம் நாட்டில் ரப்பர் முதன்முதலில் எங்கே பயிரிடப்பட்டது? கோலகங்சார், கிள்ளான், புக்கிட் லிந்தாங், சிரம்பான்.

அவள் மணியை அடித்தாள். 'புக்கிட் லிந்தாங்.'

'தவறு' என்றார் நடுவர். விடை கோலகங்சார்.

அவள் உட்காரவில்லை. 'சார், எங்க பாட்டி சொன்னாங்க சார். தவுக்கே மொத லிந்தாங்லதான் போட்டாராம். அப்புறந்தான் அசகான்ல வந்து போட்டாராம்.' மண்டபத்தில் சிரிப்பு. நடுவரும் சிரித்தார். 'பாட்டி சொன்னத எல்லாம் எழுத முடியாதும்மா. புத்தகத்துல இருக்குறதுதான் விடை.'

நடுவர் கெட்டவர் இல்லை. 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன என்பது உண்மை. அந்தக் காலத்து மரம் ஒன்றை இன்றும் அங்கே வேலி போட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் அது நட்டுப் பார்த்த கதை. விற்பதற்காகத் தோட்டமாகப் போட்ட கதை மலாக்காவில் தொடங்குகிறது. டான் சே யான் என்ற மலாக்கா பாபா வணிகர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைத் தோட்டமாகப் போட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் விரித்தார். பாட்டி சொன்ன வரிசை துல்லியமானது. 'பயிரிடப்பட்டது' என்ற சொல் இரண்டு கதைக்கும் நடுவில் வழுக்கிவிட்டது.

பல ஆண்டு கழித்துத்தான் அந்தக் கேள்வியின் இன்னொரு பக்கம் எனக்கு உறைத்தது. கேள்வி தயாரித்தவருக்குப் புக்கிட் லிந்தாங் தெரிந்திருக்கிறது. தெரியாமல் அந்தப் பெயரைப் போட்டிருக்க முடியாது. ரப்பரோடு அந்த ஊருக்கு ஏதோ தொடர்பு உண்டு என்று அறிந்துதான், பாதி தெரிந்தவரைச் சிக்கவைக்க அதை மூன்றாவது விடையாக வைத்திருக்கிறார். எங்கள் ஊர் கேள்வித்தாளில் இருந்தது. தவறான விடையாக இருந்தது.

*

இதற்குப் பிறகு மலாக்கா பற்றிய கேள்விகளை நான் வேறு மாதிரி வாசிக்கத் தொடங்கினேன். யார் சரியான விடை, யார் தவறான விடை, யார் விடையாகவே வர முடியாதவர் என்று.

ரப்பரை எடுத்துக்கொண்டால், நட்டவர் டான் சே யான். மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்கும் முறையைக் கண்டு பரப்பியவர் ரிட்லி. இரண்டும் அழகான கேள்விகள், ஒரு பெயர், ஒரு ஆண்டு. இருட்டில் பெரட்டுக்கு நின்று, விடிவதற்குள் நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் ஓடி வெட்டியவர் யார் என்று கேட்டால் நான்கு விடையில் எதை வைப்பது? ஆயிரக்கணக்கான பெயரை ஒரு வட்டத்துக்குள் அடைக்க முடியாது. 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் குறையைச் சொல்ல கோலாலம்பூரை நோக்கி நடந்தார்கள். மலேசியத் தொழிலாளர் வரலாற்றில் அதற்கு ஓர் இடம் உண்டு. நான் புரட்டிய எந்தப் பயிற்சி நூலிலும் அது கேள்வியாக வந்து பார்த்ததில்லை. கூட்டமாக நடந்தவர்களை இந்த வடிவத்துக்குக் கேட்கத் தெரியவில்லை.

பெயருள்ளவர்களிடமும் சிக்கல் இருக்கிறது. போர்த்துக்கீசிய ஏடுகளில் நினா சத்து என்று வரும் தமிழ் வணிகர் இருக்கிறார். 1509இல் மலாக்காவில் சிறைப்பட்ட போர்த்துக்கீசியர்களுக்கு உதவியவர். 1511க்குப் பிறகு புதிய ஆட்சி அவரை இந்துக்களின் பெண்டஹாராவாக வைத்தது. 1514இல் அந்தப் பதவி பறிக்கப்பட்டது. அவமானம் தாங்காமல் சந்தனக்கட்டை அடுக்கிய தீயில் அவர் இறங்கியதாக அந்தக் காலத்துப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இவரைப் பற்றிக் கேள்வி எழுதச் சொன்னால் எதைக் கேட்பீர்கள்? பதவியின் பெயரைக் கேட்கலாம், இறந்த ஆண்டைக் கேட்கலாம். சுல்தானின் ஊரில் வாழ்ந்துகொண்டு அந்நியருக்கு உதவியவரைத் துரோகி என்பதா, சிறையில் கிடந்தவர்களுக்குச் சோறு கொடுத்தவர் என்பதா, எஜமானர் மாறினாலும் எஜமானருக்குப் பயன்படும்வரைதான் பதவி என்று கண்டுகொண்ட முதல் மலாக்காத் தமிழர் என்பதா? ஒரு நாவலுக்கான ஆள். வினாவிடையில் அவர் ஒரு வரிகூடத் தேறமாட்டார்.

முன்ஷி அப்துல்லா கதை வேறு. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை யார் என்ற கேள்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், விடையும் தெரியும். மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தவர். கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணம் முடித்தவர். சிறுவயதில் தகப்பனார் தன்னைத் தமிழ் படிக்க அனுப்பியதைத் தன் வரலாற்றில் அப்துல்லாவே எழுதுகிறார். அன்றைய மலாக்காவில் வணிகக் கணக்கு தமிழில் நடந்தது, ஆகவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படித்தார்கள். விடைத்தாளில் இந்த நாகூரும் தமிழும் உதிர்ந்துவிடுகின்றன. அவரை 'நம்மவர்' என்று பிடுங்கிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. ஒரு மனிதருக்குள் மூன்று மொழி எப்படி ஒன்றாக இருந்தது என்பதே மலாக்காவின் கதை. 'தந்தை' என்ற விடை அதைச் சொல்லவிடாது.

மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். தட்டார் தெருவில், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. பக்கத்திலேயே கம்போங் கிளிங் மசூதி. காஜா பெராங்கில் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். பொங்கலுக்கு முந்திய போகியில் முன்னோருக்கு வாழையிலை போட்டுப் படைக்கிறார்கள், அதைப் போகி பர்ச்சு என்கிறார்கள். முன்னோரைக் கூப்பிடும் மொழி மலாய். மலாக்கா செட்டிகளின் தாய்மொழி எது என்று கேட்டு, அ) தமிழ், ஆ) மலாய் என்று போட்டால், நம் மண்டபத்தில் முக்கால்வாசிப் பேர் 'அ'வுக்கு மணி அடிப்பார்கள். 'ஆ' என்று நடுவர் சொன்னதும் ஒரு முணுமுணுப்பு எழும். ஐயோ, மொழியைத் தொலைத்துவிட்டார்களே என்று. ஐந்நூறு ஆண்டாகக் கோயிலையும் படையலையும் கைவிடாமல் வைத்திருப்பவர்களைப் பரிதாபத்துக்குரியவர்களாக்க இந்த ஒரு கேள்வி போதும்.

*

அப்படியென்றால் தொலைக்காட்சியில் இதே வடிவம் நம்மை ஏன் கட்டிப்போட்டது? 1998 செப்டம்பரில் பிரிட்டனில் தொடங்கிய கோடீஸ்வர நிகழ்ச்சி, 2000இல் இந்தியில் அமிதாப் பச்சனோடும், தமிழில் சரத்குமாரின் 'கோடீஸ்வரன்' ஆகவும் வந்தது. பிறகு 2012இல் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'. ஆஸ்ட்ரோ வைத்திருந்த வீட்டில் அக்கம்பக்கமே கூடிவிடும். அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பவர். அவரும் 'பி போடுடா, பி போடு' என்று கத்துவார்.

அந்த நிகழ்ச்சிகளைக் கவனித்தால் ஒன்று தெரியும். விடை முக்கியமான இடத்தில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் விடையைத் தேடும்போது வாய்விட்டுப் பேசுவார். 'எங்க ஊர்ல ஒரு வாத்தியார் இருந்தாரு, அவரு சொன்ன ஞாபகம்…', 'இத ஒரு படத்துல பாத்தேன்…', 'அப்பா லாரி ஓட்டுனாரு, அந்த ஊர் பேரு சொல்லுவாரு…' இந்தப் பேச்சுக்காகத்தான் நாம் உட்கார்ந்திருந்தோம். விகாஸ் ஸ்வரூப் 2005இல் எழுதிய 'கியூ அண்ட் ஏ' நாவல் முழுக்க இதன்மீதுதான் நிற்கிறது. படிக்காத ஒரு பையனுக்கு விடைகள் எப்படித் தெரிந்தன என்று போலீஸ் அடித்துக் கேட்கிறது. ஒவ்வொரு விடைக்கும் பின்னால் அவன் வாழ்க்கையில் ஓர் அத்தியாயம் கிடக்கிறது. அதுவே 2008இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படமானது. 'உனக்கு இது எப்படித் தெரியும்?' என்ற கேள்வியை அடித்துக் கேட்காமல் அன்போடு கேட்டிருக்கலாம் என்பதைத் தவிர அந்தப் போலீஸ்காரரிடம் எனக்குக் குறையில்லை. அவர்தான் சரியான கேள்வியைக் கேட்டவர்.

மலாக்கா கோட்டையை பிரிட்டிஷார் இடித்தது எந்த ஆண்டு? 1807. இது ஒரு வகை அறிவு. முன்ஷி அப்துல்லா அந்த இடிப்பின்போது சின்னப் பையன். கோட்டைக்குள் பேய் இருக்கிறது என்று கூலிகள் கைவைக்கப் பயந்ததையும், கடைசியில் வெடிமருந்து வைத்தபோது யானை அளவிலும் வீட்டளவிலும் கற்கள் பறந்து கடலில் விழுந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். அதுவும் அறிவுதான். முதலாவதைக் கறுப்பாக்கலாம். இரண்டாவதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் அணிப் பெண் அந்த மண்டபத்தில் கொண்டுவந்தது இரண்டாவது வகையை. 'பாட்டி சொன்னாங்க சார்' என்பது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. எப்படித் தெரியும் என்பதற்கு அவள் கொடுத்த ஆதாரம் அது. அதைச் சோதித்துப் பார்த்திருக்கலாம், நூலோடு ஒப்பிட்டிருக்கலாம். சிரித்தது மட்டும்தான் தவறு.

*

தமிழ்நாட்டில் ஒரு சுவையான விஷயம் நடந்தது. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் நடந்த முறைகேடுகளுக்குப் பிறகு, 2020இல் ஆணையம் ஒரு மாற்றத்தை அறிவித்தது. நான்கு விடைகளோடு ஐந்தாவதாக 'இ' என்ற ஆங்கில எழுத்துள்ள வட்டம். விடை தெரியாவிட்டால் காலியாக விடக்கூடாது, அந்த ஐந்தாவது வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். காலியாக விட்ட இடத்தைப் பிறகு வேறு யாரும் நிரப்பிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. திருட்டைத் தடுக்க வந்ததுதான். ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. நான்கு விடைக் கேள்வியின் நூறாண்டு வரலாற்றில், 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அச்சடித்த இடம் கிடைத்திருக்கிறது.

நம் புதிர்ப்போட்டிகளுக்கும் இதுபோல் சின்னச் சின்ன மாற்றங்கள் போதும் என்று நினைக்கிறேன். போட்டிகளை நிறுத்தச் சொல்லவில்லை. மலாக்காவில் இருபத்தொரு தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு மேடையும் மைக்கும் கைத்தட்டலும் கிடைக்கும் இடங்களில் புதிர்ப்போட்டி ஒன்று. அதைப் பறிக்க யாருக்கும் உரிமையில்லை. கேள்வி தயாரிப்பவர்கள் தவறான விடைகளை எழுதும்போது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு மேற்பட்ட விடைக்கு ஆதாரமுள்ள கேள்வியை, அப்படியே சொல்லிக் கேட்கலாம்: 'இந்த நான்கு ஆண்டையும் ஒவ்வொருவர் சொல்கிறார்கள். ஏன்?' தோட்டத்துக் கேள்விகளைத் தோட்டத்தில் இருந்தவர்களிடம் போய் வாங்கி வரலாம். அவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருக்கிறார்கள். புக்கிட் அசகானிலிருந்து நடந்தபோது இருபது வயதில் இருந்தவருக்கு இப்போது எண்பதை எட்டும் வயது.

அந்தப் பெண் இப்போது ஆசிரியை. அவள் பள்ளியில் ஆண்டுதோறும் வகுப்புகளுக்கு இடையே புதிர்ப்போட்டி நடத்துகிறாள். ஒருமுறை போய்ப் பார்த்தேன். வழக்கமான நான்கு விடைதான். ஆனால் சரியான விடை வந்ததும் அவள் மணியைத் தட்டுவதில்லை. 'எப்படித் தெரியும்?' என்று கேட்கிறாள். அதற்குத் தனியாக ஒரு மதிப்பெண். பெரும்பாலும் 'புத்தகத்துல இருந்துச்சு டீச்சர்', 'யூடியூப்ல பாத்தேன் டீச்சர்' என்றுதான் வந்தது. ஒரு பையன் எழுந்து, தலையைச் சொறிந்துகொண்டு, 'தெம்பாக் பண்ணேன் டீச்சர்' என்றான். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு அரை மதிப்பெண் போட்டாள்.

அரை எதுக்கு என்று பிறகு கேட்டேன்.

'உண்மையச் சொன்னான்ல' என்றாள்.